தானியப் பலகையை எடுத்துவிடவா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு மரப்பலகை வைத்து, எட்டு மாதமாகப் பறவைகளுக்குத் தானியம் போட்டு வருகிறேன். ஆரம்பத்தில் நாலைந்து சிட்டுக்குருவிகள் வந்தன. இப்போது குருவியும் புறாவுமாக ஐம்பதுக்குக் குறையாமல் வருகின்றன. போன வாரம் பலகைக்குக் கீழே இரண்டு குருவிகள் செத்துக் கிடந்தன. நேற்று ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போயும் பறக்கவில்லை. பூனையின் வேலையாக இருக்கும் என்கிறார் கணவர். "காட்டுப் பறவைக்கு நாம் எதற்குத் தீனி வைக்க வேண்டும்? இயற்கையை அதன் போக்கில் விடுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டு மாடியெல்லாம் புறா எச்சம் என்று அவருக்கு வருத்தம். நிறுத்திவிட்டால் என்னை நம்பி வரும் பறவைகள் பட்டினி கிடக்குமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு வயது மகள் காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பது இவற்றைத்தான். தீனி வைக்கலாமா, கூடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வைக்கலாமா கூடாதா என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். முதலில் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்து முடித்த கையோடு கொல்லைப்புறத்துக்குப் போய் அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் அதையும் கவிழ்த்துவிடுங்கள். கீழே சிதறிக் கிடக்கும் தானியம், உமி, எச்சம் எல்லாவற்றின் மேலும் லேசாகத் தண்ணீர் தெளித்து, கூட்டி அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் அந்தத் தூசி உங்கள் மூச்சோடு உள்ளே போகும், அதற்காகத்தான் தண்ணீர். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மகள் சில நாளைக்கு அந்தப் பக்கம் விளையாட வேண்டாம்.

நேற்றுப் பார்த்த குருவி இன்னும் உயிரோடு இருந்தால் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மெதுவாக எடுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ வன உயிரின மீட்பு மையத்துக்கோ கொண்டுபோங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு அப்போது தேவை. அலகைத் திறந்து தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. பாசத்தோடு ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய், நோயில் பிழைத்திருக்கக்கூடிய பறவை அதனால் செத்துப்போவதை, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

பூனையின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. பூனை பிடித்திருந்தால் இறகு பிய்ந்து கிடக்கும், உடம்பில் பல் பதிந்த தடம் இருக்கும். பலகைக்குக் கீழேயே செத்துக் கிடந்த இரண்டு, ஆள் பக்கத்தில் வந்தும் பறக்காத ஒன்று என்று நீங்கள் எழுதியிருப்பது நோய்க்கான அடையாளம். குருவி போன்ற சின்னப் பறவைகள் நோயை லேசில் வெளியே காட்டாது. தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் முடிகிற வரைக்கும் மற்றவற்றோடு சேர்ந்து தானும் கொத்திக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்கே நோய் தெரிகிறது என்றால் அது பல நாளாக உள்ளே இருந்திருக்கிறது, அத்தனை நாளும் அந்தப் பறவை உங்கள் பலகைக்கு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

பறவையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் தீனித் தட்டுகளைச் சுற்றி இப்படி நடக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது இரண்டு. ஒன்று, டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. புறாக்களிடம் வெகுகாலமாக இருந்துவருவது, பல புறாக்கள் நோய் எதுவும் தெரியாமலே அதைச் சுமந்து திரியும். இது தொண்டையிலும் தீனிப்பையிலும் புண்ணாகி, மஞ்சளாகக் கட்டி போல அடைத்துக்கொள்ளும். பறவைக்குப் பசி இருக்கும், தானியத்தை எடுக்கும், விழுங்க முடியாது. எச்சிலோடு சேர்த்துத் திரும்பக் கக்கிவிடும். அடுத்து வரும் குருவி அந்த ஈரத் தானியத்தை எடுத்துத் தின்னும். காய்ந்த இடத்தில் இந்த ஒட்டுண்ணியால் அதிக நேரம் தாங்க முடியாது. ஆனால் தட்டையான பலகையில் எச்சிலும் எச்சமும் மழைத்தண்ணீரும் தானியத்தோடு கலந்து கிடக்கும்போது அதற்கு வேண்டிய ஈரம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கச் சொன்னதும் இதனால்தான்.

பிரிட்டனில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே வீட்டுத் தோட்டங்களில் பறவைக்குத் தீனி வைப்பது மிகப் பரவலான பழக்கம். 2005-இல் இந்த ஒட்டுண்ணி கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறச் சிறு பறவையிடம் முதன்முதலாகத் தென்பட்டது. அடுத்த ஆண்டே கொள்ளைநோயாக வெடித்தது. சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச்களின் எண்ணிக்கை 2009-க்குள் சுமார் 28 லட்சமாகச் சரிந்துவிட்டது. 2021-இல், ஆபத்தில் இருக்கும் பறவைகளுக்கான அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். தோட்டத்துத் தீனிக்கு ஆசையாக வரும் பறவைகளில் அது ஒன்று. அந்தத் தட்டுகளை வைத்தவர்கள் எல்லோரும் உங்களைப் போலப் பறவை மேல் பிரியத்தோடுதான் வைத்தார்கள். இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. பிரியத்தோடு வைக்கும் தட்டிலும் இது நடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. இது எச்சத்தின் வழியாகப் பரவுவது. 2020–21 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பைன் சிஸ்கின் என்ற குருவி அளவுப் பறவைகள் தீனித் தட்டுகளைச் சுற்றி ஏராளமாகச் செத்து விழுந்தன. அதே கிருமி மனிதர்களுக்கும் வந்து, 12 மாநிலங்களில் 29 பேர் நோயில் விழுந்ததாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தது. சின்னக் குழந்தைகளை இந்த நோய் கூடுதலாகத் தாக்கும். மகளைத் தள்ளி இருக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

"அப்படியானால் பலகைக்குப் பதிலாகக் குழாய் போன்ற தீனிக்கலத்தைத் தொங்கவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். பலகையைவிட அது நல்லது, எச்சம் தானியத்தில் விழாது. ஆனால் அதுவும் முழுத் தீர்வு இல்லை. 1994-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற பறவைகள் கண் வீங்கி, சீழ் கட்டி, பார்வையில்லாமல் தடுமாறுவதை மக்கள் பார்த்தார்கள். கோழிகளிடம் காணப்படும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இந்தப் பறவைகளுக்குத் தாவியிருந்தது. சில ஆண்டுகளில் அந்நாட்டின் கிழக்குப் பாதி முழுக்கப் பரவிவிட்டது. தீனி எடுக்கத் தலையை நுழைக்கும் சின்னத் துளையின் விளிம்பில் கண் உரசும், அங்கே ஒட்டியது அடுத்த பறவையின் கண்ணுக்குப் போகும். கலத்தின் வடிவத்தை எப்படி மாற்றினாலும், ஒரே இடத்தில் பத்துப் பறவைகள் முகம் வைக்கிறவரை ஏதோ ஒரு வழி கிருமிக்குத் திறந்துதான் இருக்கும்.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். நீங்கள் வைத்த தானியத்தில் கெடுதல் இல்லை. அது சேர்த்த கூட்டத்தில்தான் கெடுதல். குருவிகள் இயல்பிலேயே கூட்டமாக மேய்பவை என்பது சரி. ஆனால் காட்டிலோ வயலிலோ அவை மேயும் இடம் நாளுக்கு நாள் மாறும். நேற்று எச்சம் போட்ட இடத்தில் இன்று தின்ன வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. ஒரு பலகையில், தினமும் அதே நேரத்தில், புறாவும் குருவியும் அலகோடு அலகு உரசித் தின்பது இயற்கையில் இல்லாத ஒரு நெருக்கம். அந்த நெருக்கத்தை உண்டாக்குவது நாம். அதனால் வரும் பொறுப்பும் நம்முடையது.

சரி, உங்கள் மனசை உறுத்துகிற கேள்விக்கு வருகிறேன். தட்டை எடுத்துவிட்டால் பட்டினி கிடக்குமா? கிடக்காது. இதைத் தைரியமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிக்கடீ என்ற, பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள பறவைகளை ஆராய்ந்தார்கள். கலம் நிறைய விதை இருந்தும் அவை தங்கள் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் அங்கே எடுத்தன. மிச்சத்தை மரத்திலும் பட்டையிலும் தாங்களே தேடிக்கொண்டன. இன்னொரு சோதனையில், 25 ஆண்டுகளாகத் தீனி வைத்துவந்த ஓர் இடத்தில் அதைச் சுத்தமாக நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். தீனித் தட்டையே பார்த்திராத பறவைகளைப் போலவே இவையும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டின. பறவைக்கு உங்கள் தட்டு அது தினமும் சுற்றிவரும் பல இடங்களில் ஒன்று. அங்கே இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போகும். இரண்டு மூன்று நாள் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. அதற்காகத் திரும்ப வைத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அதே விஸ்கான்சினில், கடும் பனிக்காலத்தில் தீனி கிடைத்த சிக்கடீக்களில் 69 சதவீதம் உயிர் பிழைத்தன, கிடைக்காதவற்றில் 37 சதவீதம்தான் பிழைத்தன. மண்ணும் மரமும் பனியால் மூடிக்கொள்ளும் நாட்களில் தீனி உண்மையிலேயே உயிர் காக்கிறது. அப்படிப்பட்ட நாட்கள் இல்லாத இடத்தில், இல்லாத காலத்தில், நாம் வைக்கும் தானியம் பறவைக்கு ஒரு வசதி மட்டும்தான்.

அந்த வசதியாவது எப்போதும் நன்மை செய்கிறதா என்றால் அதிலும் ஒரே பதில் கிடைக்கவில்லை. வட அயர்லாந்தில் குளிர்காலத்தில் நிலக்கடலை வைத்த காடுகளில் ப்ளூ டிட் என்ற பறவைகள் இரண்டரை நாள் முந்தியே முட்டையிட்டன, கூட்டுக்குச் சராசரியாக ஒரு குஞ்சு கூடுதலாகப் பறந்தது. இது 2008-இல் வெளிவந்த ஆய்வு. சில ஆண்டு கழித்து இங்கிலாந்தின் கார்ன்வாலில் அதே பறவைக்குக் குளிர்காலத்தில் கொழுப்பு வைத்தார்கள். அங்கே அடுத்த பருவத்தில் குஞ்சுகள் தேறியது குறைந்தது. பறவை ஒன்றுதான், தீனி வேறு, பலனும் தலைகீழ். இதனால்தான் "வைத்தால் நல்லது" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். எந்தப் பாதி என்றால், புறா பற்றிய பாதி. குருவி முதல் பெரும்பாலான சின்னப் பறவைகள் வரை குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டியாக வேண்டும். பூச்சி கிடைக்காத காலத்தில் அவற்றால் குஞ்சு வளர்க்க முடியாது. புறாவுக்கு அந்தத் தடை இல்லை. தாயும் தகப்பனும் தங்கள் தீனிப்பையில் பால் போன்ற ஒன்றைச் சுரந்து குஞ்சுக்குக் கொடுக்கின்றன. தானியம் நிறையக் கிடைத்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் குஞ்சு பொரிக்கும். நீங்கள் குருவிக்கு என்று வைத்தது புறாவைத்தான் பெருக்கியிருக்கும். அவர் மாடியில் விழும் எச்சம் வெறும் அசிங்கம் மட்டும் இல்லை. அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிற சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வந்து, நிரந்தரமாகவே மூச்சு வாங்கும் நிலைக்குப் போய்விடுகிறது. அவரிடம் போய், எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில நகரங்களில் புறாவுக்குத் தீனி வைப்பது சட்டப்படியே குற்றம். வெனிஸ் நகரின் புனித மார்க் சதுக்கத்தில் 2008-இல் தடை போட்டார்கள். உங்கள் ஊர் விதி என்ன என்பதையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

புறா பெருகினால் மற்றவற்றுக்கு என்ன என்று கேட்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒன்றரை ஆண்டு வீட்டுத் தோட்டங்களில் ரொட்டியும் விதையும் வைத்துக் கணக்கெடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து அங்கே கொண்டுவந்து விடப்பட்ட சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் அந்தத் தோட்டங்களில் கூடின. அந்த மண்ணுக்கே உரிய, பூச்சி தின்னும் கிரே வார்ப்ளர் குறைந்தது. தானியம் தின்னும் துணிச்சலான பறவைகளுக்கு நாம் பந்தி வைக்கிறோம், கூச்சமுள்ள பறவைகள் ஒதுங்கிப் போகின்றன. தட்டில் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தோட்டத்துக்கு வராமல் போனது எது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் "இயற்கையை அதன் போக்கில் விடுங்கள்" என்ற மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. நம் கொல்லைப்புறம் இயற்கையின் போக்கில் இல்லை. மரத்தை வெட்டி வீடு கட்டியிருக்கிறோம், மண்ணைச் சிமெண்டால் மூடியிருக்கிறோம், பூச்சிக்கு மருந்து அடிக்கிறோம், சன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறோம், பூனை வளர்க்கிறோம். இத்தனையும் செய்துவிட்டு, பறவைக்கு மட்டும் எதுவும் செய்யாமல் இருப்பதை இயற்கை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏதாவது செய்யத்தான் வேண்டும். எது உதவும் என்பதில்தான் பேச்சு.

குருவிக்கு உண்மையில் குறைவது தானியம் இல்லை. அதன் குஞ்சுக்குத் தேவையான பூச்சி. லண்டன் புறநகரில், குஞ்சு பொரிக்கும் காலத்தில் குருவிக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் உயிருள்ள புழுக்களை வைத்துச் சோதித்தபோது கூட்டிலிருந்து பறந்துபோன குஞ்சுகள் நன்றாகக் கூடின. அதனால் மட்டுமே வளர்ந்த குருவிகளின் தொகை பெரிதாக ஏறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவற்றுக்கு வேறு குறைகளும் இருக்கின்றன. இருந்தாலும் குஞ்சு பசியில் சாகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. சிக்கடீ ஜோடி ஒன்று ஓர் ஈட்டுக் குஞ்சுகளைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் கம்பளிப்புழுக்கள் வரை தேவைப்படும் என்று டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியலாளர் எழுதியிருக்கிறார். இத்தனையையும் கடையில் வாங்கி எந்தத் தட்டில் வைப்பது? அந்தப் புழுக்களைச் செடிதான் கொடுக்க முடியும். அதிலும் எல்லாச் செடியும் கொடுக்காது. உங்கள் மண்ணிலேயே காலங்காலமாக வளர்ந்துவரும் மரம், புதர், கொடி, புல் ஆகியவற்றில்தான் உள்ளூர்ப் பூச்சிகள் முட்டையிடும். அழகுக்காக வேறு நாட்டிலிருந்து வந்த செடிகள் பலவற்றின் இலையில் ஓர் ஓட்டைகூட இருக்காது. பார்க்க நன்றாக இருக்கும், பறவைக்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஆகவே பலகை இருந்த இடத்தில் ஒரு புதர் வையுங்கள். முள் இருந்தால் இன்னும் நல்லது, குருவி ஒளிந்துகொள்ள இடமாகும். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்காதீர்கள், அந்த ஓட்டைக்காகத்தான் செடியே வைத்தோம். ஒரு மூலையில் உதிர்ந்த சருகைப் பெருக்காமல் விடுங்கள். விதை முற்றிய புல்லையும் பூச்செடியையும் உடனே வெட்டாதீர்கள். குருவி அதில் தொற்றிக்கொண்டு விதை பொறுக்குவதை நீங்களே பார்க்கலாம். அதுவும் தீனிதான், ஆனால் பரந்து கிடக்கும், ஓரிடத்தில் குவியாது. நான் பறவைகளுக்கு வைத்தியம் பார்த்த இத்தனை காலத்தில், தீனித் தட்டிலிருந்து நோயோடு பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. செடியில் மேய்ந்து நோய் தொற்றிக்கொண்டது என்று யாரும் கூட்டமாகக் கொண்டுவந்தது இல்லை.

தண்ணீர் ஒரு மாதத்துக்குப் பிறகு வைக்கலாம். தானியத்தைவிடத் தண்ணீருக்கு வரும் பறவை வகைகள் அதிகம், பூச்சி தின்னும் கூச்சக்காரப் பறவைகள்கூட இறங்கி வரும். நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போட்டுவிடுங்கள். தினமும் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். தினமும் என்றால் தினமும்தான். நின்ற தண்ணீரில் கொசு வரும், நான் சொன்ன ஒட்டுண்ணியும் வரும்.

இத்தனைக்கும் பிறகு, தானியமும் வைக்கத்தான் ஆசை என்றால் நான் தடுக்க மாட்டேன். கடைசியாக நோயுற்ற பறவையைப் பார்த்த நாளிலிருந்து ஒரு மாதம் போகட்டும். பழைய மரப்பலகையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மரத்தின் இழைக்குள் புகுந்ததைக் கழுவி எடுக்க முடியாது. கழுவக்கூடிய தொங்கும் கலம் ஒன்றை வாங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது பிரித்து, சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, பிறகு ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். காலையில் வைத்தது முற்பகலுக்குள் தீர்ந்துவிட வேண்டும், அந்த அளவுதான் வைக்க வேண்டும். இரவில் மிச்சம் கிடந்தால் எலி வரும். சில வாரத்துக்கு ஒருமுறை இடத்தையும் மாற்றுங்கள். பதினைந்து இருபதுக்கு மேல் பறவைகள் கூடத் தொடங்கினால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாமல் தீனியைக் குறையுங்கள், அல்லது சில நாள் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை கழுவ உங்களுக்கு நேரம் இருக்காது என்றால் வைக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எதை வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புச் சேர்க்காத, பூஞ்சை பிடிக்காத விதைகள் போதும். நிலக்கடலையில் பூஞ்சை இருந்தால் அதில் உண்டாகும் நஞ்சு பறவையின் ஈரலைக் கெடுக்கும், முகர்ந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். ரொட்டி வயிற்றை அடைக்கும், சத்து இல்லை. பால் செரிக்காது. உப்பு, சாக்லேட், அவகாடோ மூன்றும் நஞ்சு. பச்சை இறைச்சியைப் பழக்காதீர்கள், பூச்சியையும், எலும்போடு பல்லியையும் தின்ன வேண்டிய பறவை வெறும் சதையைத் தின்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து குஞ்சுக்கு எலும்பு வளையும்.

சன்னலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மட்டும் கண்ணாடியில் மோதி ஆண்டுக்குச் சுமார் 36 கோடியிலிருந்து 99 கோடிப் பறவைகள் வரை சாகின்றன என்று 2014-இல் ஒரு கணிப்பு வந்தது. தீனிக்கலம் சன்னலிலிருந்து ஐந்து, பத்து மீட்டர் தள்ளி இருப்பதுதான் ஆபத்து. பயந்து எழும்பும் பறவை அதற்குள் முழு வேகம் எடுத்துவிடும். ஒரு மீட்டருக்குள் வைத்தால் மோதினாலும் பெரிதாக அடி படாது. கூடவே கண்ணாடியின் வெளிப்பக்கம், ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் புள்ளியோ கோடோ ஒட்டுங்கள். பூனை இருந்தால் வீட்டுக்குள் வையுங்கள். இந்த இரண்டு குருவிகளை அது கொல்லவில்லை என்பதால் இனிமேலும் கொல்லாது என்று ஆகிவிடாது.

கடைசியாக உங்கள் மகள். ஆறு வயதில் காலையில் எழுந்ததும் பறவையைப் பார்க்க ஓடுகிற ஒரு குழந்தையிடமிருந்து அதைப் பறித்துவிடக் கூடாது. இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். பலகையை ஏன் எடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றின் எச்சில் இன்னொன்றுக்குப் போய் நோய் வந்துவிட்டது, கொஞ்ச நாள் தனித்தனியாகச் சாப்பிடட்டும் என்றால் அவளுக்குப் புரியும். இந்த வயதில் இது நன்றாகவே புரியும். பிறகு அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் அதே நேரத்தில் அதே சன்னலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்தப் பறவை வந்தது, எத்தனை வந்தது, என்ன செய்தது என்று எழுதட்டும். எழுத வராத இடத்தில் வரையட்டும். முதல் வாரம் பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும். செடி வளர்ந்து, தண்ணீர் வைத்த பிறகு, இதுவரை பலகைக்கு வராத ஏதாவது ஒன்று அந்தப் பக்கத்தில் வரும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டில் என்னென்ன இருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். செத்துப்போன அந்த இரண்டு குருவிகளையும் தேதி போட்டு முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.